காரியாறும் ஆவூரின் பசியும்
நலங்கிள்ளி ஆவூரையும் உறையூரையும் முற்றுகையிட்டதும், உள்ளே நெடுங்கிள்ளி கதவடைத்திருந்ததும் புறநானூற்றின் 44, 45ஆம் பாடல்களின் பழங்குறிப்புகளால் அறியப்படுகின்றன. அவன் காரியாற்றில் மாண்டதை 47ஆம் பாடலின் குறிப்பிலுள்ள ‘காரியாற்றுத் துஞ்சிய’ என்னும் அடைமொழி உணர்த்துகிறது. இக்குறிப்புகள் பிற்காலத் தொகுப்பாளர் தந்தவை. காரியாற்றுப் போரே இவ்வுட்பகையை முடித்தது என்பது ஆய்வாளர் அவற்றை இணைத்துப் பெறும் ஊகம். அதனை ஐயமற்ற நிகழ்வாக எழுதுவது முறையன்று.

பாடல்கள் நேரே காட்டுவது வேறு: தீனியின்றிப் பெருமூச்செறியும் யானைகள், பாலுக்கு ஏங்கும் குழந்தைகள், பூவற்ற கூந்தல், நீரற்ற வீடுகள். ஆத்தி சூடிய இருவருள் எவர் தோற்பினும் தோற்பது சோழர்குடியே என இடித்துரைத்தார் கோவூர்கிழார். போர்க்களத்தின் பெயரைவிட அப்பசியே உறுதியான சான்று. முற்றுகையின் வரலாறு அதிலிருந்தே தொடங்க வேண்டும்.