கடைச் சாவியைக் கொடுக்கும் முன்...

கோவைக்கு மேற்கே வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் போய்ப் பாருங்கள். மலையைப் பார்த்தபடி முதியோர் குடியிருப்புகள் எழுந்து நிற்கின்றன. ‘நானா நானி’ என்றொரு வளாகம். ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி கர்னல் அச்சல் ஸ்ரீதரன் தொடங்கிய ‘கோவை கேர்’ இன்னொன்று. இப்படிப் பல. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, சிறுவாணித் தண்ணீர், மிதமான தட்பவெப்பம், பக்கத்திலேயே பெரிய மருத்துவமனைகள் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, எங்கெங்கோ வேலை பார்த்தவர்கள் இங்கு வந்து வீடு வாங்குகிறார்கள். கைகால் நன்றாக இருக்கும்போதே முடிவெடுத்து, தங்கள் பணத்தில், தங்கள் சாவியோடு வருகிறார்கள்.

இதைச் சொன்னால் நம்மவர்களுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. “அத்தா, அம்மாவை முதியோர் இல்லத்தில் தள்ளுகிற சமுதாயமா நாம்?” என்று கேட்கிறார்கள். நல்ல ரோஷம்தான். பெற்றோரை ‘சீ’ என்றுகூடச் சொல்லாதே என்று திருமறை (17:23) தடுத்திருக்கும்போது அந்த ரோஷம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைகளால் கைவிடப்பட்டவர் தஞ்சம் புகும் இல்லம் வேறு. அறுபது வயதில் கணவனும் மனைவியும் தாங்களே தேர்ந்து குடியேறும் வீடு வேறு. இரண்டையும் ஒன்றாக்கித் திட்டிவிட்டு, நாம் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்?

உக்கடத்திலும் டவுன்ஹாலிலும் ஈரோடு, திருப்பூர் கடைவீதிகளிலும் உட்கார்ந்திருக்கும் நம் வியாபாரிகளைக் கேட்டுப் பாருங்கள். தமிழக அரசு ஊழியருக்கு 60 வயதில் ஓய்வு. வியாபாரிக்கு அப்படி ஒரு தேதி இல்லை. பக்கவாதம் வந்து விழுகிற நாள்தான் அவருக்கு ஓய்வு நாள்! பென்ஷன் இல்லை, பி.எஃப். இல்லை. பலரிடம் மருத்துவக் காப்பீடும் இல்லை. “பையன்கள் இருக்கிறார்கள்” என்பதுதான் ஒரே பாலிசி.

அதைவிட வேதனை ஒன்று உண்டு. ஹஜ்ஜை முடித்துவிட்டு வந்ததும் கடையையும் வீட்டையும் பையன்கள் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, தஸ்பீஹும் கையுமாகப் பள்ளிவாசல் திண்ணைக்கு வந்து சேர்கிறவர்கள் எத்தனை பேர்! “பாரத்தை இறக்கிவிட்டேன் ஹஜ்ரத்” என்பார்கள். கொஞ்ச காலத்தில் முன்னறை பின்னறையாகும். சர்க்கரை மாத்திரைக்குக் கையேந்த வேண்டியிருக்கும். அவராவது பள்ளிவாசலுக்கு வந்து நாலு பேரோடு பேசிவிட்டுப் போகிறார். அவருடைய மனைவிக்கு அதுவும் இல்லை. கணவருக்குப் பின் அந்த அம்மாவுக்குச் சேர வேண்டிய எட்டில் ஒரு பங்குகூட, சொத்து முழுவதும் ஏற்கெனவே கைமாறிவிட்டதால், காணாமல் போய்விடுகிறது.

சகோதரர்களே! வாரிசுப் பங்கு மரணத்துக்குப் பிறகு தானே வருவது. உயிரோடு இருக்கும்போதே பிரித்துக் கொடுத்தாக வேண்டும் என்று ஷரீஅத் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லையே! கொடுப்பதானால் பிள்ளைகளிடையே நீதியாகக் கொடுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஹனஃபி சட்டப்படி மகனுக்குக் கொடுத்துக் கைவசமும் ஒப்படைத்துவிட்ட ஹிபாவைத் திரும்பப் பெற முடியாது. ஷாஃபி சட்டத்தில் தந்தைக்கு அந்த உரிமை உண்டு. இது தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். பராமரித்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்ய 23ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்த நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவர் மகனுக்கு எழுதிய தான பத்திரத்தை ரத்து செய்து, சொத்தை அவரிடமே ஒப்படைக்கச் சொன்னது. கடைசி வரை கவனித்துக்கொள்வேன் என்று மகன் தனியாக எழுதிக் கொடுத்திருந்த உறுதிமொழிதான் அந்தத் தாயைக் காப்பாற்றியது. எனவே எழுதியே தீர வேண்டுமென்றால் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். எழுதாமலே இருப்பது இன்னும் நல்லது.

வங்கிக்காரர்களும் பத்திரிகைகளும் முதுமைக்குச் சொல்லும் யோசனைகளில் பெரும்பாலானவை வட்டியில்தான் போய் முடிகின்றன. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் வட்டி. வீட்டை வங்கியிடம் அடகு வைத்து மாதாமாதம் பணம் வாங்கும் திட்டமும் வட்டி. வட்டியை விட்டு விலகி நிற்கும் வியாபாரிக்கு மிச்சமிருப்பது வாடகை. நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் ஒரு சின்னக் கடையையோ, வீட்டின் ஒரு பகுதியையோ வாடகைக்கு விட்டு, அதைத் தன் பெயரிலும் மனைவியின் பெயரிலும் கடைசி வரை வைத்துக்கொள்ளட்டும். மகளின் கல்யாணம் வந்தாலும் அதில் கைவைக்க வேண்டாம். (கல்யாணத்துக்கு ஏன் சொத்தை விற்க வேண்டும் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோருக்கு ஜகாத் கொடுத்தால் அது நிறைவேறாது. ஏன் தெரியுமா? தேவையுள்ள பெற்றோரைப் பராமரிப்பது உங்கள் மீது ஏற்கெனவே கடமை. அந்தக் கடமையும் உங்களுடையது, உங்கள் மனைவியுடையது அல்ல. மருமகள் செய்தால் அது அவளுடைய பெருந்தன்மை. “என் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சபையில் முழங்கிவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறோம். படுக்கைப் புண்ணைத் துடைப்பது யார்?

சரி, தொண்டாமுத்தூர் பக்கம் நாமும் ஒரு வீடு வாங்கிவிடலாமா? வாங்கலாம், தடையில்லை. ஆனால் பலவற்றில் பொதுச் சமையலறை சைவம் மட்டுமே. பாங்குச் சத்தம் கேட்கும் தூரத்தில் பள்ளிவாசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எழுபது வயதுக்காரருக்கு ஐவேளை ஜமாஅத்தும் பழகிய முகங்களும்தான் பாதி மருந்து. அதை விட்டுவிட்டு மலைக்காற்று மட்டும் போதுமா? கோட்டைமேட்டுக்காரர் கோட்டைமேட்டிலேயும், குனியமுத்தூர்க்காரர் குனியமுத்தூரிலேயும் வயதாக வழி செய்ய வேண்டும்.

இஸ்தான்புல் நகரில் 1896இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ‘தாருல் அஜஸா’ என்ற இல்லத்தைத் திறந்தார். ஆதரவற்றோருக்கும் முதியவர்களுக்கும் மதம் பாராமல் இடம் தந்த அந்த வளாகத்துக்குள் பள்ளிவாசலும் இருந்தது, தேவாலயமும் இருந்தது, யூத ஆலயமும் இருந்தது. இன்றும் அது இயங்குகிறது. கையேந்தி நின்ற முதிய யூதர் ஒருவரைக் கண்டு, பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்க உத்தரவிட்டதாக உமர் (ரலி) அவர்களைப் பற்றிச் சொல்லப்படுகிறது. முதியவரைப் பொதுநிதியில் பராமரிப்பது நமக்குப் புதிதல்ல. அதை மறந்துதான் போனோம்.

நம் ஜமாஅத்துகளிடம் வக்ஃபு இடங்கள் இருக்கின்றன. அதில் கடை கட்டுகிறோம், கல்யாண மண்டபம் கட்டுகிறோம். அடுத்த முறை பொதுக்குழுவில் மண்டபப் பேச்சு வரும்போது, “தரைத்தளத்தில் முதியோருக்கு எட்டுப் பத்து அறைகள், கைப்பிடி வைத்த குளியலறை, ஒரு பொதுச் சமையலறை, வசதி உள்ளவருக்கு வாடகை, இல்லாதவருக்கு இலவசம்” என்று ஒருவர் எழுந்து கேட்கட்டும். கேட்பவருக்கு முப்பது வயது என்றால், அறுபதைத் தாண்டிய முத்தவல்லி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.