ஒரு கூரை, இரு காம்பரா

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனை அடுத்த தோட்டமொன்றிலிருந்து எனது பழைய மாணவி ஒருத்தி தன் தம்பியுடன் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சிறு கறுப்புப் பெட்டி. கணினிக்கு வெளியே இணைக்கும் வன்தட்டு. "சேர், இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். உள்ளே இருப்பதில் ஓர் எழுத்தும் அழியக் கூடாது" என்றாள். தம்பிக்குப் பல்கலைக்கழக வேலைகளுக்குத் தனியிடம் வேண்டுமாம். தமக்கையின் கோப்புகளோடு தன் கோப்புகள் கலப்பதை அவன் விரும்பவில்லை. பாகப்பிரிவினை எந்த வீட்டையும் விட்டுவைப்பதில்லை போலும்!

"உள்ளே என்ன இருக்கிறது, அம்மா?" என்று கேட்டேன்.

"தாத்தாவின் றங்குப் பெட்டி, சேர்."

பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பழைய சம்பளச் சீட்டுகள், பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி ஆகிய அனைத்தையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அதில் சேர்த்திருந்தாள். மூலக் கடுதாசிகளுள் பாதியைக் கறையான் தின்றுவிட்டது.

இத்தகைய கடுதாசிகளின் பெறுமதியை மலையகத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மூத்தோரை நாடற்றோராக்கிற்று. மறு வருடம் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, 1946ஆம் ஆண்டு தொடங்குமுன் விவாகமானவர் ஏழு வருடமும் ஏனையோர் பத்து வருடமும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. மிகப் பெரும்பாலானோர்க்கு உரிமை கிட்டவில்லை. அதன்பின் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் எத்தனையோ குடும்பங்களைக் கப்பலேற்றியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிவிட்டது. ஒழுகும் லயத்தில் ஒரு கடுதாசியை நனையாமல் காப்பது என்பது அன்று சிறு காரியமன்று.

ஆகவே, அவள் கேட்டதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வன்தட்டைப் பாகம் பிரிப்பதென்றால் என்ன? தட்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய பட்டியல் உண்டு. முதற்பாகம் இங்கே தொடங்கி இங்கே முடிகிறது, இரண்டாம் பாகம் இங்கே என்று அதில் எழுதப்பட்டிருக்கும். புதிய முறையில் அமைந்த தட்டுகள் அப்பட்டியலின் ஒரு பிரதியைத் தட்டின் கடைசியிலும் வைத்துக்கொள்கின்றன. பட்டியல் பிழைத்துப்போனால் கோப்புகள் உடனே அழிவதில்லை. அவை இருக்குமிடம்தான் கணினிக்குத் தெரியாமற் போகிறது. அவற்றின் மேல் வேறெதுவும் எழுதப்படாதிருந்தால், டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு தேடி மீட்க இடமுண்டு. பதறிப்போய் அதே தட்டில் புதியவற்றை ஏற்றுவோர்தாம் முற்றாக இழக்கின்றனர்.

கோப்புகளை அடுக்கும் முறை என்.டி.எஃப்.எஸ். ஆயின், விண்டோஸிலுள்ள 'டிஸ்க் மனேஜ்மென்ட்' மூலம் அந்தப் பாகத்தைச் சுருக்கி, மீந்த வெற்றிடத்தில் புதுப் பாகம் அமைக்கலாம். இவளுடையதோ எக்ஸ்ஃபாட். அதை விண்டோஸ் சுருக்காது. எல்லாவற்றையும் வேறிடத்துக்குப் பிரதி செய்து, தட்டைத் துடைத்து, இரண்டாகப் பிரித்து, மீண்டும் கொண்டுவந்து வைப்பதே வழி. தம்பியின் முகம் சுருங்கியது. எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. ஏனென்றால் அந்தப் பெட்டியிலிருந்தவற்றுக்கு உலகில் வேறு பிரதியே இருக்கவில்லை.

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் எனது வன்தட்டொன்றை நானே இரண்டாகப் பிரித்து, என் தாயார் பாடியும் பேசியும் வைத்த ஒலிப்பதிவுகளை ஒரு பாகத்தில் வைத்து, மறு பாகத்தில் அவற்றின் பிரதியையும் வைத்து, இரு பிரதி உண்டென்று நிம்மதியாக உறங்கினேன். ஒருநாள் அது மேசையிலிருந்து விழுந்தது. இரு பாகமும் ஒருங்கே போயின. லயத்தில் வளர்ந்தவன் நான். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் அடுத்த காம்பராவின் சுவர் தடுக்குமா? கூரை ஒன்றுதானே. சிறு வயதிலேயே கண்ட இவ்வுண்மை, பட்டம் பெற்ற பின் எப்படியோ மறந்துபோயிற்று.

அயலிலுள்ள நண்பரிடம் இன்னொரு வன்தட்டை இரவல் வாங்கினோம். பிரதி செய்யத் தொடங்கிச் சிறிது நேரத்தில் மழை வலுத்து மின்சாரம் நின்றது. மடிக்கணினியின் பற்றரி காப்பாற்றியது. காப்பாற்றாவிடினும், மூலம் தொடப்படாதிருந்தமையால் நட்டமில்லை. பாகங்களைச் சுருக்கும்போதோ நகர்த்தும்போதோ இப்படி நேர்ந்தால்தான் அபாயம். முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டோம். பத்துப் பன்னிரண்டு படங்களைத் திறந்தும் பார்த்தோம். பெயர் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத கோப்புகளும் உண்டல்லவா?

பின்னர் இரவல் தட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இதைத் தம்பி வேடிக்கையாகப் பார்த்தான். துடைக்கும் வேளையில் இரண்டு தட்டும் இணைந்திருந்தால், கை தவறிப் பிரதியையே துடைத்துவிடலாம். கணினியின் சொந்தத் தட்டுக்குப் பெரும்பாலும் சுழி என்றும் வெளித்தட்டுக்கு ஒன்று என்றும் இலக்கம் விழும். இலக்கத்தை மட்டும் நம்பாது, அளவையும் பார்த்தே பொத்தானை அழுத்த வேண்டும். அவள் வாய்விட்டு வாசித்துச் சரி சொன்ன பிறகே அழுத்தினேன். எஞ்சியவை சில நிமிட வேலை. இரு பாகங்கள் பிறந்தன. தாத்தாவின் பெட்டி ஒன்றினுள் திரும்பிச் சென்றது. மற்றதற்குத் தம்பி தன் பெயரை இட்டுக்கொண்டான்.

அவர்கள் புறப்படும்போது, இரவல் தட்டிலுள்ள பிரதியை அழித்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம், நீங்கள் புதுத் தட்டொன்று வாங்கும் வரை இங்கேயே இருக்கட்டும், அதையும் அந்த லயத்தில் வைக்காமல் கொழும்பிலிருக்கும் மாமாவிடம் கொடுத்துவையுங்கள் என்றேன். நண்பர் தட்டைத் திருப்பித் தருமாறு இருமுறை கேட்டுவிட்டார். தீபாவளிச் சம்பளம் வரட்டும் என்று சமாளித்து வைத்திருக்கிறேன்.