கடைசிப் பேருந்தும் கடைசிப் பாடலும்

சென்ற வாரம் ஒரு துறைக் கருத்தரங்கில் முதுகலை மாணவி ஒருவர் தம் களக்குறிப்புகளை வாசித்தார். பெங்களூரின் புறநகர்த் திடலொன்றில் நடந்த ராக் இசை நிகழ்ச்சியைப் பற்றியவை அவை. மேடையருகே நின்றோரின் உடை, பின்னால் நின்றோர் பேசிய மொழிகள், ஒவ்வொரு பாடலுக்கும் கூட்டம் அசைந்த விதம் என யாவற்றையும் நுட்பமாகப் பதிந்திருந்தார். இரவு 9.30 மணியோடு குறிப்புகள் நின்றுவிட்டன. விடுதிக் கதவு அடைபடுமுன் திரும்பவேண்டுமென்று அவர் புறப்பட்டுவிட்டார். உச்சக்கட்டத்தைக் காணாத களப்பணி முழுமையற்றது என்றார் மதிப்பீட்டாளர். அவையில் எவரும் மறுக்கவில்லை. நானும் அப்போது வாய் திறக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

அந்த 9.30 மணிதான் அக்கட்டுரையின் மிக முக்கியமான தரவு என்பது என் கட்சி. இதை நான் கற்றது வகுப்பறையில் அன்று.

2011 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. மெட்டாலிக்கா குழு பெங்களூர் அரண்மனைத் திடலில் வாசித்த நாள். இரண்டு நாட்களுக்கு முன்னர் குர்கானில் நடக்கவிருந்த அவர்களது நிகழ்ச்சி நடவாமற்போய், சினமுற்ற கூட்டம் மேடையைச் சேதப்படுத்தியிருந்தது. ஆகவே இங்கும் நடக்குமோ நடவாதோ என்ற ஐயத்துடனேயே போனோம். மழை பெய்து திடல் சேறாகிக் கிடந்தது. நான் அப்போது இளங்கலை மாணவன். சந்தாபுராவில் அண்ணனின் அறையில் தங்கியிருந்தேன். அந்த ஊரை அறியாதவர்க்குச் சொல்கிறேன்: ஓசூர்ச் சாலையில் பொம்மசந்திராவைத் தாண்டினால் வருவது, ஆனேக்கல் சாலை பிரியுமிடம். பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளில் வேலை பார்ப்போர் நெருக்கியடித்துக் குடியிருக்கும் ஊர். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழ் அங்கே தேநீர்க்கடைதோறும் கேட்கும். அரண்மனைத் திடல் அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்.

என்னோடு வந்தவர் அண்ணனின் அறைத்தோழர், கடைசல் இயந்திரம் ஓட்டுபவர். மெட்டாலிக்காவை எனக்கு அறிமுகப்படுத்தியவரே அவர்தான். ஆங்கிலம் அதிகம் அறியார். ஆனால் எந்தத் தட்டில் எந்தப் பாட்டு எத்தனையாவது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நிகழ்ச்சி சூடேறிக்கொண்டிருந்த வேளையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தவர், "எனக்குக் காலையில ஆறு மணி ஷிப்ட். நீ இருந்து முழுசாக் கேட்டுட்டு வா தம்பி" என்று சொல்லிவிட்டு, மெஜஸ்டிக் போய்க் கடைசிப் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பினார். நான் இருந்தேன். முடிந்தபின் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துச் சிமெண்டுப் பெஞ்சில் ஈரச்சட்டையோடு படுத்திருந்து, விடியலில் முதல் வண்டி ஏறினேன். பிற்பகல் ஷிப்ட் முடிந்து வந்தவர் கேட்ட முதற்கேள்வி, "கடைசியா என்ன வாசிச்சாங்க?" என்பதுதான்.

எங்கள் இருவரில் நல்ல ரசிகர் யார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அன்றைய நிகழ்ச்சியை ஓர் ஆய்வாளர் பதிந்திருந்தால், கடைசிவரை நின்று கூச்சலிட்ட நான் அவர் குறிப்பேட்டில் ரசிகனாக இடம்பெற்றிருப்பேன், அவர் இடம்பெற்றிருக்கமாட்டார். இன்னொன்றும் உண்டு. ஆணாக இருந்ததால்தான் எனக்கு அந்தப் பெஞ்சு கிடைத்தது. அந்த மாணவிக்கு அது கிடையாது.

இது பெங்களூருக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்துப் பால்பண்ணை நிலமொன்றில் நடந்த வுட்ஸ்டாக் விழாவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 4 லட்சம் பேர் கூடினர் என்பர். விழா ஞாயிறோடு முடிந்திருக்கவேண்டும். தாமதமாகித் தாமதமாகி, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடையேறியது திங்கட்கிழமை காலையில். அதற்குள் கூட்டத்தில் மிகப் பெரும்பாலோர் போய்விட்டனர். திங்களன்று பலருக்கு வேலை இருந்தது. அவர் கித்தாரில் வாசித்த அமெரிக்க நாட்டுப்பண்ணை ஒரு தலைமுறையின் குரலென்று இன்றும் பாடம் நடத்துகிறோம். அத்தலைமுறையில் அங்கே வந்திருந்தோருள் பெரும்பாலோரே அதை நேரில் கேட்கவில்லை.

நம் கூத்துக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். தருமபுரிப் பக்கம் பாரதக் கூத்து விடியவிடிய நடக்கும். அதற்குச் சடங்கு சார்ந்த காரணங்கள் உண்டு, அவற்றை மறுக்கவில்லை. ஆனால் நள்ளிரவில் வீடு திரும்பும் சிக்கல் அங்கே எழுவதே இல்லை. போர்வையோடு வந்த கிழவியும் இடுப்பில் பிள்ளையோடு வந்த தாயும் ஊருக்குள் முதல் பேருந்து வரும்வரை அங்கேயே இருக்கலாம். தூங்கி விழித்தாலும் அவர்கள் பார்வையாளர்களே.

இசை ஆய்வில் இருப்போர் கிறிஸ்டோபர் ஸ்மாலை அறிவர். இசை என்பது பொருளன்று, செயல் என்று 1998இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்ட அவர், நுழைவுச்சீட்டு வாங்குபவரையும் நிகழ்ச்சி முடிந்தபின் கூட்டிப்பெருக்குபவரையும் அச்செயலின் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பட்டியலில் பேருந்து நடத்துநரையும் விடுதிக் காவலரையும் சேர்ப்பதில் நமக்கென்ன தயக்கம்? நாமோ டிக் ஹெப்டிஜைப் படித்துவிட்டு இன்னமும் சட்டையில் குத்திய ஊசிகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். போக்குவரத்து பொறியியல் துறையின் வேலை என்று ஒரு நண்பர் சொன்னார். யார் எதைக் கேட்க முடிந்தது என்பது யாருடைய வேலையாம்?

பெங்களூர் ராக் இசையின் தலைநகரென்று பெயர்பெற்றதில் நகரின் நடுவே அமைந்த அரண்மனைத் திடலுக்குப் பெரும் பங்குண்டு. 2003இல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007இல் அயர்ன் மெய்டன் ஆகியோர் வாசித்ததும் அங்கேதான். இப்போது பெருநிகழ்ச்சிகள் பலவும் நகரின் விளிம்புகளுக்குப் போகின்றன. 2025 பிப்ரவரியில் எட் ஷீரன் பாடியது தும்கூர்ச் சாலையில் மாதாவராவை ஒட்டிய திடலில். சந்தாபுராவிலிருந்து பார்த்தால் அது நகரின் மறுகோடி. சென்னையும் இதற்கு விலக்கன்று: 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர். ரகுமான் நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கியும் நெரிசலில் உள்ளே போகமுடியாமல் திரும்பியவர் பலர். அங்கே வழியே நிகழ்ச்சியை விழுங்கிவிட்டது.

குடியிருப்போரின் உறக்கமும் முக்கியம்தானே என்று கேட்கலாம். முக்கியமே. ஒலி மாசு தொடர்பான 2000ஆம் ஆண்டு விதிகளின்படி இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம். அந்த 10 மணியை நான் நீட்டக் கேட்கவில்லை. 10 மணிக்குப் பிறகு நடப்பதைப் பற்றியே பேசுகிறேன்.

2011இல் மெட்டாலிக்கா வருவதற்குப் பத்து நாட்களுக்கு முன்புதான், அக்டோபர் 20 அன்று, நம்ம மெட்ரோ முதன்முதலில் ஓடத் தொடங்கியது, பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. சாலைவரை மட்டும். இன்று நிலைமை வேறு. 2024 நவம்பரில் பச்சைத் தடம் மாதாவராவரை நீண்டது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திராவரை திறக்கப்பட்டது. சந்தாபுராவுக்குச் சற்று முன்னரே நின்றுவிடுகிறது என்றாலும், ஓரிடத்தில் மாறினால் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ரயிலிலேயே வந்துவிடலாம், கடைசி ரயில் போகாதிருந்தால். ஐபிஎல் ஆட்ட நாட்களில் மெட்ரோ நேரம் நீட்டிக்கப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆகையால் முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. பெருநிகழ்ச்சிக்கு உரிமம் தரும்போது, கூட்டம் கலைந்து இரண்டு மணிநேரம்வரை ரயிலோ பேருந்தோ இருக்கவேண்டுமென்று நிபந்தனை விதிக்கலாம். அந்தச் செலவில் ஒரு பங்கை நுழைவுச்சீட்டு விற்பவர் ஏற்கட்டும். மகளிர் விடுதிகளின் கதவைப் பற்றி நகராட்சியிடம் முறையிட்டுப் பயனில்லை. அந்த விதியை எழுதியவர்கள் நம் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே, பல சமயம் அதே கருத்தரங்கின் முன்வரிசையில், அமர்ந்திருக்கிறார்கள்.

அந்த மாணவியின் கட்டுரை திருத்தத்துக்குத் திரும்பியிருக்கிறது. விடுபட்ட பகுதியைப் பிறர் எடுத்த யூடியூப் காணொளிகளைக்கொண்டு நிரப்பச் சொல்லியிருக்கிறார்களாம். நிரப்பவேண்டாமென்று இன்று காலை அவருக்கு எழுதினேன். திடலின் வாயிலிலிருந்து விடுதி வாயில்வரை ஏறிய வண்டிகள், கொடுத்த கட்டணம், காத்திருந்த நிமிடங்கள், உடன் பாதியில் கிளம்பியவர்கள் யார் யார் என்பவற்றை நினைவில் இருக்கும்போதே எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.