இயற்கை என்றால் அளவு வேண்டாமா?

'இயற்கையானது எதுவும் கெடுதல் செய்யாது' என்ற நம்பிக்கை சிறுநீரக நோயாளிகளை நேரடியாகத் தாக்குகிறது. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் வாழும் நம் தமிழர்களும் இதற்கு விலக்கல்ல. சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடிவிட்டது என்று தெரிந்ததும் பூசணி விதை, ஆளி விதை, சியா விதை எல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. 'கிட்னிக்கு நல்லது' என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரி போதும். தினமும் ஒரு கைப்பிடி உள்ளே போகிறது.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் பூசணி விதைப் பருப்பில் சுமார் 1,200 மில்லிகிராம் பாஸ்பரஸும் 800 மில்லிகிராம் பொட்டாசியமும் உள்ளன. ஒரு கைப்பிடி 30 கிராம் என்றால் பாஸ்பரஸ் மட்டும் 360 மில்லிகிராம். நாளுக்கு 800 முதல் 1,000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்லப்பட்டவருக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. பாஸ்பரஸ் தேங்கினால் எலும்பு வலுவிழக்கும், ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படியும், தோல் அரிக்கும். பொட்டாசியம் மிகவும் ஏறினால், எந்த அறிகுறியும் காட்டாமலே இதயம் நின்றுவிடக்கூடும்.

வங்காளச் சமையலில் இன்னும் கவனம் வேண்டும். நாம் கசகசாவைக் குருமாவுக்கு ஒரு கரண்டி அரைத்துவிடுவோம். இங்கே ஆலு போஸ்தோவில் அதுவே பிரதானம். ஊறவைத்துப் பச்சைமிளகாயோடு மைய அரைத்த விழுது, உருளைக்கிழங்கு முழுதும் அப்பிக்கொண்டிருக்கும். விதையின் பாஸ்பரஸோடு கிழங்கின் பொட்டாசியமும் சேர்கிறது. ரெசாலா, சாப் குழம்புகளின் கெட்டித்தன்மையும் பெரும்பாலும் கசகசா, முந்திரி, சார்மகஜ் என்னும் வெள்ளரி வகை விதைகளின் விழுதால் வருவதுதான். கண்ணுக்குத் தெரியாததால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதற்காக விதையையே விலக்கச் சொல்வதும் தவறு. தாளிக்கிற கடுகு, சீரகம், வங்காளிகளின் ஐந்து விதைக் கலவையான பஞ்ச்போடன் ஆகியவற்றில் ஒரு சிட்டிகைக்குப் பயப்படத் தேவையில்லை. விதையில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டிருப்பதால் முழுதும் உடலில் சேராது. கோலா பானங்களிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட்டோ ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். விதைக்கு அஞ்சி கோலா குடிப்பவர் பெரிய ஆபத்தைக் கையில் எடுக்கிறார்.

எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். பொட்டாசியமும் பாஸ்பரஸும் கட்டுக்குள் இருப்பவருக்கு உப்பில்லாத விதை ஒரு தேக்கரண்டி ஒத்துக்கொள்ளலாம். ஏறியிருப்பவருக்கு அதுவும் கூடாமல் போகலாம். பக்கத்து வீட்டுக்காரரின் அளவு உங்கள் அளவு ஆகாது. கடைசியாக எடுத்த ரிப்போர்ட்டோடு சிறுநீரக மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் பாருங்கள். தினமும் எந்த விதை, எத்தனை கரண்டி என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை அந்தக் கைப்பிடியை நிறுத்திவையுங்கள்.