அடக்கப் பயிற்சியும் மனவெழுச்சிக் கல்வியும்

அண்மைக் காலத்திலே நமது கல்வியுலகில் 'சமூக மனவெழுச்சிக் கற்றல்' என்னும் தொடர் வெகுவாக அடிபட்டு வருகின்றது. தன் உணர்ச்சியை அறிதல், பிறர் உணர்ச்சியை மதித்தல், பிணக்கைப் பேசித் தீர்த்தல் ஆகியவற்றைப் பாடசாலை கற்பிக்க வேண்டும் என்போருடன் நமக்கு யாதொரு வழக்கும் இல்லை. பிரம்பையன்றி வேறு உளவியல் அறியாத மரபொன்றிலிருந்து வந்த நாம் இதனை வரவேற்கவே வேண்டும். நாம் கேட்பது வேறு. ஓட்டிசம் உடைய பிள்ளை, ஓரிடத்தில் அமைந்திருக்க இயலாத பிள்ளை, எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளை ஆகியோர் மூளையின் இயக்கத்திலே பெரும்பான்மையோரினின்றும் வேறுபட்டவர்கள். இக்கல்வியின் பெயரால் அவர்களுக்கு வழங்கப்படுவது யாது?

சுவரிலே வண்ணப்படம் ஒன்று தொங்குகிறது. கண்கள் ஆசிரியரை நோக்க, வாய் மூடியிருக்க, கைகள் மடியிற் கிடக்க, கால்கள் அசையாதிருக்க, அதிலே ஒரு பிள்ளை புன்னகை புரிகிறது. அவ்வாறு இருந்தவனுக்கு ஒரு நட்சத்திரம், இராதவனுக்கு இல்லை. "கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்." இதனை மனவெழுச்சிக் கல்வி என்கிறார்கள். நாம் அடக்கப் பயிற்சி என்கிறோம்.

நமது கூற்றிலே மிகையில்லை. ஓட்டிசம் உடையோர் பலர் வளர்ந்தபின் தம் அனுபவத்தைத் தாமே எழுதியிருக்கின்றனர். பிறர் கண்ணை நேரே நோக்குதல் அவர்களிற் பலருக்குத் தாங்கவொண்ணாத வேதனை. கண்ணை நோக்கும் வேளையிலே காதில் விழும் சொல் நழுவிப் போய்விடுகிறது. கை வீசுதலும் உடலை ஆட்டுதலும் மிஞ்சிவரும் பதற்றத்தைத் தணிப்பதற்கு உடல் தானே கண்டுகொண்ட உபாயங்கள். தன் உணர்ச்சியை ஆளும் வித்தையை அப்பிள்ளை ஓரளவு ஏற்கெனவே கற்றிருக்கிறது. அவ்வித்தையைக் கற்பிக்க வந்தவர்களோ முதற் காரியமாக அதனைப் பறித்துவிடுகிறார்கள்! தன் இயல்பை மறைத்து நடித்து வாழும் வாழ்வு கவலை நோயோடும் மனச்சோர்வோடும் தொடர்புற்றிருப்பதை அண்மைக்கால ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. வகுப்பறையிலே அமைதியாக நட்சத்திரம் வாங்கிய பிள்ளை வீட்டுக்கு வந்து ஏன் வெடித்து அழுகிறது என்பதைத் தாய்மாரைக் கேட்டால் தெரியும்.

இந்நோக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிதல் நன்று. 1960களிலே ஐவர் லோவாஸ் என்னும் உளவியலாளர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஓட்டிசம் உடைய பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தார். சொன்னபடி செய்தால் உணவு. செய்யாவிடின் அதட்டலும் அறையும், சிலவேளை மின்னதிர்ச்சியும். 1965 இல் 'லைஃப்' சஞ்சிகை இதனைப் படங்களோடு வெளியிட்டது. 1987 இல் அவர் வெளியிட்ட ஆய்வோ வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண நிலையை எய்தினர் எனப் பெருமையுடன் அறிவித்தது. அறை போயிற்று, நட்சத்திரம் வந்தது. ஆயினும், பிள்ளை மற்றவரைப் போலத் தோன்ற வேண்டும் என்ற இலக்கு மட்டும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது.

ஆனால் மனவெழுச்சிக் கல்விக்கு வேறொரு வரலாறும் உண்டு. அதனைப் போற்றுவோரே அவ்வரலாற்றை மறந்துவிட்டனர். 1968 இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலே, வறிய கறுப்பின மக்களின் பிள்ளைகள் பயின்ற இரண்டு பாடசாலைகளில், ஜேம்ஸ் கோமர் என்னும் மருத்துவர் தம் பணியைத் தொடங்கினார். அவர் பிள்ளைகளைத் திருத்தப் புறப்படவில்லை. பெற்றோரையும் ஆசிரியரையும் அதிபரையும் உளநல ஊழியரையும் ஒரே மேசையில் இருத்திப் பாடசாலையின் நிர்வாகத்தையே மாற்றினார். அதற்கும் முன்னர், 1920களிலே, சோவியத் நாட்டின் விகொற்ஸ்கி குறைபாடுடைய பிள்ளைகளைப் பற்றி எழுதுகையில், உடற்குறையிலும் பார்க்கச் சமூகம் அதன்மேல் ஏற்றும் விலக்கமே பெரிய இடர் என்று வாதித்தார். நமது முற்போக்கு ஆசிரியர்கள் விகொற்ஸ்கியின் பெயரைப் பரீட்சை விடைத்தாளில் மட்டும் எழுதிவிட்டு மறப்பது விந்தையே.

ஓட்டிசம் உடையவனுக்குப் பிறர் மனம் விளங்காது என்பது நெடுநாளாக ஓதப்பட்டு வந்த பாடம். தாமும் ஓட்டிசம் உடையவரான டேமியன் மில்ற்றன் என்னும் ஆங்கில ஆய்வாளர் 2012 இல் அதனைத் திருப்பிக் கேட்டார்: மற்றவர்களுக்கு அவன் மனம் விளங்குகின்றதா? 2020 இல் வெளியான ஆய்வொன்று கதையொன்றை ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சங்கிலிபோலச் சொல்ல வைத்தது. ஓட்டிசம் உடையோர் மட்டும் அமைந்த சங்கிலியிலே செய்தி மற்றையோரின் சங்கிலியிற் போலவே சென்றது; இரு சாராரும் கலந்த சங்கிலியிலேயே கூடுதலாகச் சிதைந்தது. புரிந்துகொள்ளாமை இரு பக்கத்துக்கும் உரியதாயின், பாடமும் இரு பக்கத்துக்கும் உரியதன்றோ?

இனி நமது பாடசாலைக்கு வருவோம். நீண்ட மண்டபம் ஒன்று, இடைச்சுவர் இல்லை, தட்டியோ கரும்பலகையோ நடுவில் நிற்க, ஒரு பக்கம் வாய்பாடு, மறுபக்கம் தேவாரம், அப்பால் ஆங்கிலம். ஒலியைப் பன்மடங்காக உணரும் பிள்ளை அங்கே காதைப் பொத்துகிறது, மேசைக்குக் கீழே நுழைகிறது, ஈற்றில் ஓடுகிறது. "குழப்படி" என்று ஒரே சொல்லிலே தீர்ப்பு முடிகிறது. அப்பிள்ளைக்கு உணர்ச்சிக் கட்டுப்பாடு கற்பிக்க முனையுமுன் அம்மண்டபத்துக்குச் சுவர் வேண்டும் என்று கேட்பவர் எத்தனை பேர்? (அப்பாடத்துக்கென ஒதுக்கிய நேரமும் புலமைப்பரிசில் வினாத்தாளுக்குப் போய்விடுவதை நாம் இங்கு விரிக்கவில்லை.)

"40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனுக்காக நாம் என்ன செய்வது?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, அதனைக் கேட்க வேண்டிய இடம் மட்டும் பிழை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதாகச் சொல்கிறது. 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயம் அனைவரையும் உட்கொள்ளும் கல்வியைக் கடமையாக்குகிறது. உதவி ஆசிரியரையும் சிறிய வகுப்பையும் அமைதியான அறையையும் அரசிடம் கேட்பது சலுகை வேண்டுதலாகாது. சம்பளத்தோடு இதுவும் நமது சங்கக் கோரிக்கையாதல் வேண்டும். அதுவரை காசின்றியே செய்யக்கூடியவை உண்டு. அன்றைய நாளின் ஒழுங்கைக் காலையிலேயே பலகையில் எழுதலாம். மாற்றம் நேரின் முன்கூட்டியே சொல்லலாம். எழுந்து நடக்க அனுமதிக்கலாம். பேச இயலாத வேளையில் படத்தைக் காட்டிச் சொல்ல விடலாம். கண்ணைப் பார் என்பதை இன்றே நிறுத்தலாம். இவ்வாறு ஏன் செய்கிறோம் என்பதை மற்ற 39 பேருக்கும் விளக்குவதே அவ்வகுப்பின் சமூக மனவெழுச்சிப் பாடம்.

எஞ்சியிருப்பது ஒரு வாதம். "வெளியுலகம் இவனுக்கு இரங்காது, ஆகவே இப்போதே பழக்குவது அவன் நன்மைக்கே" என்பது அது. இக்குரலை நாம் முன்னரும் கேட்டிருக்கிறோம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே நிலத்தில் இருத்தப்பட்ட காலத்தில், ஊர் ஏற்காது, பிள்ளைகளுக்கே தீங்காகும் என்றார்கள். சம ஆசனம் கொடுக்கப்பட்டபோது, 1930 ஆம் ஆண்டை ஒட்டி, பாடசாலைகள் சில தீக்கிரையாயின. அன்று சம ஆசனத்துக்காகப் போராடியவர்கள், நிலத்தில் இருப்பதனாற் பிறக்கும் வருத்தத்தை அடக்கிக்கொள்ளும் வழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவில்லை. அவர்கள் வாங்கைக் கேட்டார்கள்.