தொட்டிக்குள்ளே ஒரு நெளிநெளி!

'டேய், இங்க ஓடி வாடா! மீன் தொட்டியில என்னவோ நெளியுது!'

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா போட்ட சத்தத்தில் மயிலாப்பூர் மாட வீதியே முழித்திருக்கும். ஓடிப் போய்ப் பார்த்தால், தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள் தங்கச்சி. உள்ளே லட்டு, ஜிலேபி என்று அவள் பேர் வைத்த ரெண்டு கோல்டு ஃபிஷ். அதுங்களைச் சுற்றி, வெள்ளை நூலைப் பொடிப்பொடியாக வெட்டிப் போட்ட மாதிரி புழுக்கள். 'எஸ்' வடிவத்தில் நெளிந்து நெளிந்து நீச்சல் வேற!

இன்ஜினீயரிங் படிக்கிற பையன் வீட்டில் இருக்கும்போது என்ன கவலை? களத்தில் குதித்தேன். மீன்களை பக்கெட்டுக்கு மாற்றினேன். தண்ணீர் மொத்தத்தையும் கொட்டினேன். கூழாங்கல், ஃபில்டர் ஸ்பான்ஜ் எல்லாத்தையும் சுடுதண்ணியில் போட்டுத் தேய் தேய்னு தேய்த்தேன். மெட்ரோ வாட்டரை அப்படியே பிடித்து நிரப்பினேன். தொட்டி பளபளன்னு ஷோரூம் மாதிரி ஆயிடுச்சு. மருந்துக்குக்கூட ஒரு புழு இல்லை!

மூணாவது நாள், ஜிலேபியும் இல்லை.

'புழு கடிச்சிடுச்சாண்ணா?' என்று கேட்டாள் தங்கச்சி. 'ஆமா' என்று சொல்லிட்டேன். மனசுக்குள் என்னவோ இடித்தது. லட்டு வேற தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்தது. பைக்கை எடுத்தேன். சென்னையில் வண்ண மீனுக்கு ஒரே தலைநகரம்தானே... கொளத்தூர்!

கடைக்கார அண்ணன் கதையைக் கேட்டுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, 'தீனி யார் போடுறது?'

யோசித்துப் பார்த்தேன். காபி குடித்துவிட்டு தாத்தா ஒரு சிட்டிகை. ஆபீஸ் கிளம்பும்போது அப்பா ஒரு சிட்டிகை. ஸ்கூல் விட்டு வந்ததும் தங்கச்சி. ராத்திரி பாவம் பார்த்து நான்!

'அப்ப புழுவுக்கும் சேர்த்து நீங்கதான் தம்பி சாப்பாடு போட்டிருக்கீங்க' என்றார்.

விஷயம் இதுதான் மக்களே. நம்ம வீட்டுத் தொட்டிகளில் வருகிற நூல் மாதிரிப் புழுக்கள் பெரும்பாலும் மண்புழுவோட தூரத்துச் சொந்தம். செடியோடும் கல்லோடும் உயிர்த் தீனியோடும் நமக்கே தெரியாமல் உள்ளே வந்துவிடும். மீனைக் கடிக்காது, நம்மையும் ஒண்ணும் பண்ணாது. மீன் மிச்சம் வைத்த தீனியும் கழிவும் கல்லுக்கு அடியில் அழுகும்போது, அதைத் தின்று பெருகும். அடியில் ஆக்ஸிஜன் குறைந்தால் மேலே ஏறி வந்து முகம் காட்டும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரி ஆனால் ஏழரைதான். நம்ம ஊர் மே மாசத்தில் கரண்ட்டும் போய், காற்று மோட்டாரும் நின்றால் கேட்கவே வேண்டாம்!

இன்னொரு கோஷ்டியும் உண்டு. பேரு பிளனேரியா. நெளியாது, கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும். தட்டை உடம்பு, அம்பு முனை மாதிரித் தலை, மாறுகண் மாதிரி ரெண்டு புள்ளி. பெரிய மீனை விட்டுவிடும். முட்டை, இறால் குஞ்சு இருந்தால் ஆபத்து. இதை நசுக்கி, வெட்டி வீரம் காட்டாதீங்க. 1898-ல் தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற விஞ்ஞானி வெட்டிப் பார்த்தார். 279-ல் ஒரு பங்கு துண்டுகூட முழுப் புழுவாக வளர்ந்துவிட்டது!

சரி, ஜிலேபியைக் கொன்றது யாரு? மீன் வெளியே விடுகிற அமோனியா அதுக்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும், அப்புறம் அவ்வளவாக ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் குடியிருப்பது கல்லிலும் ஸ்பான்ஜிலும்தான். நான் சுடுதண்ணி ஊற்றி அந்தக் குடும்பத்தையே காலி பண்ணிட்டேன். அதுங்க மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகும். பத்தாததுக்கு மெட்ரோ வாட்டரில் இருந்த குளோரின் வேற செவுளைப் பதம் பார்த்திருக்கும்.

அண்ணன் சொன்ன வைத்தியம் ரொம்ப சிம்பிள். தீனி ஒரே ஒரு ஆள் பொறுப்பு. ரெண்டு நிமிஷத்தில் மீன் தின்று முடிக்கிற அளவுதான். வாரம் ஒரு தடவை டியூப் போட்டு, கல்லுக்கு அடியில் இருக்கிற அழுக்கோடு சேர்த்துக் கால்வாசித் தண்ணீரை மட்டும் உறிஞ்சி எடுக்கணும். ஸ்பான்ஜை அந்தத் தண்ணியிலேயே அலசணும், குழாயடிக்குப் போகக் கூடாது. புதுத் தண்ணியில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்ட பிறகுதான் ஊற்றணும். புழுவுக்கென்று தனி மருந்து? 'நூல் புழுவுக்கு எதுக்கு தம்பி மருந்து? சாப்பாட்டை நிறுத்துங்க, தானா குறையும்.'

ஒரு மாசத்தில் புழு கண்ணில் படுவதே அபூர்வம் ஆயிடுச்சு. லட்டு ஜம்முன்னு சுத்துது.

பாக்கி இருந்தது ஒண்ணே ஒண்ணு. தங்கச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'ஜிலேபியைப் புழு கடிக்கலை. நான்தான்...' என்று ஆரம்பித்தேன். முழுசாகக் கேட்டாள். ரெண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. தீனி டப்பா இப்போது அவள் கஸ்டடியில்!

போன வாரம் அம்மா மறுபடி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, 'ஏய், ஒரு புழு தெரியுதுடி!' என்றார்கள்.

அவள் ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். 'அது இருந்துட்டுப் போகட்டும்மா. அண்ணாவை மட்டும் தொட்டி பக்கம் விடாத!'