முள்ளிவாய்க்காலுக்கு வந்த படகும் மலையகத்தின் பழைய கடதாசியும்

2024 டிசம்பர் 19ஆம் திகதி ரோஹிங்கிய அகதிகளை ஏற்றிய படகொன்று முல்லைத்தீவு, முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்து சேர்ந்தது. நூறுக்கும் மேற்பட்டவர்கள். பெண்களும் சிறுவர்களும் பலர். அந்த வாரம் ஸ்பிரிங்வெளியில் ஒரு கடை வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றபோது காதில் விழுந்த பேச்சை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆளொருவர், "எங்கட ஆக்கள்தானே, பாவம், வெச்சிக்கொள்ளத்தானே வேணும்" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவரும் எங்கள் ஆள்தான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்களுக்கே அரிசி வாங்க வழியில்ல. ஒரு படகை விட்டா நாளைக்குப் பத்துப் படகு வரும். கடல்லயே மறிக்கோணும்." சாமான் வாங்க வந்திருந்த ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எங்களயும் அந்தக் காலத்துல இதேதான் நானா கேட்டாங்க. நீ எந்த ஊரு, கடதாசி இருக்கான்னு."

அதற்குமேல் அங்கே யாரும் பேசவில்லை.

எல்லைச் சுவர் என்றதும் எங்களுக்கு அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் மெக்சிக்கோ எல்லையில் கட்டிய சுவரும், பலஸ்தீனர்களின் நிலத்துக்குள் இஸ்ரேல் கட்டிய கொங்கிறீட் மதிலும் நினைவுக்கு வருகின்றன. இரண்டும் தூரத்தில் இருப்பவை. ஆனால் எந்தச் சுவரும் கல்லிலும் கம்பியிலும் தொடங்குவதில்லை. முதலில் ஒரு சட்டம் வரும். இன்னார் உள்ளே, இன்னார் வெளியே என்று அது எழுதி வைக்கும். கம்பி பிறகு வரும், துவக்கு அதற்கும் பிறகு வரும். ரோஹிங்கியர்களுக்கு நடந்தது அதுதான். 1982இல் மியன்மார் கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டம், 1823க்கு முன்னர் அந்நாட்டில் வாழ்ந்த இனங்களையே சொந்த இனங்களாக ஏற்றது. தலைமுறை தலைமுறையாக ரக்கைனில் வயல் செய்த மக்கள் ஒரு சட்டத்தால் வந்தேறிகளாகிப் போனார்கள். 2017 ஓகஸ்டில் இராணுவம் கிராமங்களை எரித்தபோது 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் பங்களாதேஷுக்கு ஓடினர். சட்டத்துக்கும் நெருப்புக்கும் இடையில் 35 வருடங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் உலகம் அதை மியன்மாரின் உள்வீட்டு விவகாரம் என்றே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெரியவர் சொன்ன கதை அதைவிடப் பழையது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த மலைகளைத் தேயிலையாக்கிய மக்களிடம் தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்துக் காம்பிராவில் பிறந்தவனின் பிறப்பை அந்தக் காலத்தில் யார் பதிந்து வைத்தார்கள்? செக்ரோலில் பெயர் இருந்தது, கொழுந்து நிறுத்த கணக்கில் பெயர் இருந்தது, வாக்காளர் இடாப்பில் மட்டும் இல்லாமல் போனது. 1947 பொதுத்தேர்தலில் 7 ஆசனங்களை வென்ற இலங்கை இந்தியன் காங்கிரஸ் 1952இல் ஒன்றைக்கூட வெல்லவில்லை.

பிறகு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 பேரை இரண்டு நாடுகளும் பங்கு பிரித்தன. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் இருந்த 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் யாரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. தலைமன்னார் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் இங்கே, தங்கச்சி அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் இருக்கின்றன. கடையில் பேசிய அந்தப் பெரியவரின் குடும்பமும் அப்படிப் பிரிந்ததுதான்.

இதில் எங்களுக்கு என்ன என்று ஒரு முஸ்லிம் வாசகர் கேட்கலாம். இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, இரண்டும் கொஞ்சம் கசப்பானவை. மலையக நகரங்களில் கடை வைத்திருந்த முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் தமிழ்நாட்டுக் கரையோரத்திலிருந்து வந்தவர்கள். குடிசன மதிப்பீட்டில் அவர்களை இந்தியச் சோனகர் என்று எழுதினார்கள். 1948 சட்டமும் அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும் அவர்களையும் சேர்த்தே பிடித்தன. பலர் கடையை மூடிக்கொண்டு போனார்கள். மற்றது, அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த டி.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் டி.பி. ஜாயா ஓர் அமைச்சர். தமிழ் அமைச்சர்களும் இருந்தார்கள், அவர்களில் சி. சுந்தரலிங்கம் அந்த வருடமே பதவியை விட்டு விலகினார். ஜாயாவின் சேவைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து லயத்துக்காரனுக்குச் சுவர் எழும்பும்போது, அது எங்கள் வீட்டுப் பக்கம் வராது என்று எங்கள் பெரியவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

வந்தது. ஒப்பந்தம் கைச்சாத்தான அதே திகதியில், 26 வருடங்களுக்குப் பிறகு, 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டு, பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். அங்கேயும் "அகதி" என்ற சொல் வசையாக அவர்கள் மேல் விழுந்தது, அதைச் சொன்னவர்களும் முஸ்லிம்கள்தான். யுத்தம் முடிந்து திரும்பிப் போனபோது, நீங்கள் இந்த ஊர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கப்பட்டவர்கள் உண்டு. அதே பழைய கேள்வி.

இனி யுத்தத்தின் விலைக்கு வருகிறேன். வடக்கில் நடந்த யுத்தத்துக்கும் ஊவாவுக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 1977 கலவரத்திலும் 1983 கலவரத்திலும் அடிபட்ட தோட்ட மக்களில் பலர் இனி மலை வேண்டாம் என்று வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். தமிழ் ஊரில் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பினார்கள். கடைசியில் அந்த வன்னிக்குள்ளேதான் அகப்பட்டார்கள். ஒரு பக்கம் ஓமந்தைச் சோதனைச் சாவடி, மறுபக்கம் வெளியேறப் புலிகளின் பாஸ். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தபோது, இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. உயிர் தப்பிய ஏறத்தாழ 3 இலட்சம் பேரை மெனிக் பார்மிலும் வேறு முகாம்களிலும் முட்கம்பிக்குள் வைத்தார்கள். பிரஜாவுரிமை இல்லை என்று ஒரு தலைமுறைக்குச் சொன்னார்கள். அடுத்த தலைமுறைக்குப் பிரஜாவுரிமை கிடைத்தும் கம்பிக்குள் இருக்க வேண்டி வந்தது.

மறுபக்கமும் ஊவாவில்தான் இருக்கிறது. பதுளையிலிருந்து மொனராகலைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள், யுத்தத்தில் இறந்த சிங்களப் பிள்ளைகளின் பெயர் எழுதிய பஸ் தரிப்பிடங்களைப் பார்த்திருப்பார்கள். பெயர், இறந்த திகதி, சில இடங்களில் ஒரு படம். மழைக்கு அதற்குள் ஒதுங்கி நின்றிருக்கிறேன். விளைச்சல் இல்லாத கிராமத்தில் மாதச் சம்பளத்துக்காகப் படைக்குப் போன பிள்ளைகள் அவர்களில் பலர். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த 27 தமிழ் இளைஞர்களைக் கும்பலொன்று வெட்டியும் எரித்தும் கொன்றது. பொலிசார் அங்கே இருந்தார்கள். 2005இல் உயர் நீதிமன்றம் எஞ்சியிருந்த எதிரிகளையும் விடுதலை செய்தது. இன்றுவரை அந்தக் கொலைகளுக்காகச் சிறையில் ஒருவரும் இல்லை. யுத்த முனையிலிருந்து இவ்வளவு தூரத்தில், தேயிலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் நடுவில் நடந்தது இது.

சுவர் கட்டுகிறவர்கள் சொல்லும் நியாயம், சுவர் இருந்தால் யுத்தம் வராது என்பது. காஸாவைச் சுற்றி நிலத்துக்கு அடியிலும் மேலுமாக 65 கிலோமீற்றர் நீளத் தடுப்பை இஸ்ரேல் 2021 டிசம்பரில் கட்டி முடித்தது. உணரிகள், கமராக்கள், எல்லாம் இருந்தன. இரண்டு வருடம் கூட ஆகவில்லை, 2023 ஒக்டோபர் 7 வந்தது. அதற்குப் பிறகு காஸாவில் பல்லாயிரக்கணக்கில் ஜனாஸாக்கள். மேற்குக் கரையின் மதில் சர்வதேச சட்டத்துக்கு முரணானது என்று சர்வதேச நீதிமன்றம் 2004 ஜூலை 9ஆம் திகதியே கருத்துச் சொல்லிவிட்டது. மதில் இன்னும் நிற்கிறது. அது யுத்தத்தை மறிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் சாகிறவனை இந்தப் பக்கத்தில் இருப்பவன் காணாமல் மறித்தது, அவ்வளவுதான்.

எங்கள் மிம்பர்களில் பலஸ்தீனுக்காக துஆ கேட்காத ஜும்ஆ இல்லை. நல்லது. ஆனால் முல்லைத்தீவுக்கு வந்த அந்தப் படகு பற்றி எத்தனை குத்பாவில் கேட்டோம்? அவர்கள் மேல் எங்களுக்கு இருந்த பயத்துக்கும் காரணம் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. 2017 செப்டம்பரில் கல்கிஸையில் ஐ.நா. பொறுப்பில் இருந்த 31 ரோஹிங்கியர்களின் வீட்டைப் பிக்குகளின் தலைமையில் ஒரு கூட்டம் முற்றுகையிட்டது. பிள்ளைகளோடு இருந்தவர்களைப் பூஸா முகாமுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாங்களே சந்தேகத்துக்குரியவர்களானோம். சத்தம் போட்டால் எங்கள் மேல் திரும்பும் என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்த நேரத்தில் ரோஹிங்கியர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தது முள்ளிவாய்க்கால் மீனவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று முல்லைத்தீவில் வீதியில் நின்றவர்களும் தமிழ் மக்கள். கடலுக்கும் துவக்குக்கும் நடுவில் நிற்பது எப்படி என்று அந்த ஊருக்குத் தெரியும்.

அந்த அகதிகளை அரசாங்கம் கொண்டுபோய் வைத்த இடம் கேப்பாப்புலவு விமானப்படை முகாம். அந்தப் பெயர் எங்கள் வாசகர்களுக்குப் புதிதல்ல. மெனிக் பார்ம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டபோது கடைசியாக வெளியே வந்த கேப்பாப்புலவு மக்களைச் சொந்தக் காணிக்கு விடாமல் சீனியாமோட்டையில் இறக்கினார்கள். 2017 ஜனவரி கடைசியில் பிலவுக்குடியிருப்புப் பெண்கள் பிள்ளைகளோடு விமானப்படை வாசலில் குந்தினார்கள், ஒரு மாதத்தில் அந்தக் காணி கிடைத்தது. ஊர்க்காரர் உள்ளே போக முடியாமல் வேலிக்கு வெளியே இருந்த இடத்தில், நாடே இல்லாதவர்கள் வெளியே வர முடியாமல் வேலிக்கு உள்ளே வைக்கப்பட்டார்கள்.

எல்லையே இருக்கக் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வருகிறவர் யார் என்று ஒரு நாடு பார்க்கத்தான் வேண்டும். ஆட்கடத்தல்காரன் இருக்கிறான், அவனைப் பிடிக்கவும் வேண்டும். ஆனால் பெயரைப் பதிந்து, கதையைக் கேட்டு, ஆபத்துக்குத் திருப்பி அனுப்பாமல் இருப்பது ஒன்று. முகாமில் பூட்டி வைத்துவிட்டு, எந்த நாட்டுக்கு அனுப்பலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பது வேறொன்று. அவர்கள் தப்பி வந்த நாடே அவர்களைத் தன் மக்களாக ஏற்கவில்லையே, எங்கே அனுப்புவது? கடை வாசலில் நின்றவர் சொன்ன அரிசிக் கணக்கும் எனக்கு விளங்குகிறது. ஆனால் எங்கள் அரிசி விலையை ஏற்றியது படகில் வந்த பிள்ளைகள் அல்ல. 2022இல் நாடு வங்குரோத்தானபோது எங்கள் ஆட்களும்தான் அவுஸ்திரேலியாவுக்கு என்று படகேறினார்கள். இன்னும் சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மன்னாரிலிருந்து தனுஷ்கோடி மணல் திட்டில் போய் இறங்கினார்கள்.

இலங்கை 1951 அகதிகள் சமவாயத்தில் ஒப்பமிடவில்லை. அகதிக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அதனால் உயிருக்கு ஓடி வருகிறவனும், விசா முடிந்தும் தங்கியிருப்பவனும் ஒரே குடிவரவு, குடியகல்வுச் சட்டத்துக்குள் வருகிறார்கள். அந்தச் சட்டத்தின் இலக்கத்தைப் பாருங்கள்: 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கம். மலையகத்தாரை நாடற்றவர்களாக்கிய 18ஆம் இலக்கச் சட்டத்துக்கு இரண்டே இலக்கம் தள்ளி, அதே வருடத்தில் வந்தது. 18ஆல் வந்த அநியாயத்தைத் துடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை, 55 வருடங்கள் தேவைப்பட்டன.

மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களும் முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒரு காரியம் இதில் இருக்கிறது. அகதிகளுக்கான சட்டமூலம் ஒன்றைச் சபைக்குக் கொண்டுவரச் சொல்லலாம். அதுவரை, அடைக்கலம் தேடி வரும் குடும்பங்களைப் படை முகாமில் வைக்காமல் சிவில் நிர்வாகத்திடம் ஒப்படைக்கவும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவும் கேட்கலாம். எங்கள் ஆட்கள் முஸ்லிம்கள் என்பதற்காக மட்டும் கேட்டால், வேறு யாராவது படகில் வரும்போது எங்கள் வாய் மூடிவிடும். பதுளை மாவட்டத்தில் வாக்குக் கேட்டு வருகிறவர்கள் அடுத்த முறை ஸ்பிரிங்வெளிக்கு வந்தால், அந்தக் கடை வாசலிலேயே இதைப் பற்றி அவர்களிடம் கேட்க நினைத்திருக்கிறேன். அந்தப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.